வழிப்போக்கரின் தாகமும் பள்ளிவாசல் குழாயும்



கோடையின் கடுமை தணியாத ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். குமரி மாவட்டத்து ஊரொன்றில் ஜும்ஆவுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. தெருத்தெருவாக மீன் விற்று வந்த மூதாட்டி ஒருவர் பள்ளிவாசலின் வெளிச்சுவர் அருகே கூடையை இறக்கி வைத்தார். சுவரையொட்டிக் குளிர்நீர்ப் பெட்டி ஒன்று நின்றது. அதனை வழங்கியவரின் பெயரும் அவருடைய தந்தையாரின் பெயரும் பொறித்த பளிங்குப் பலகை மேலே மின்னியது. கீழே ஒரு சங்கிலி தொங்கியது. சங்கிலியின் முனையில் இருக்க வேண்டிய குவளையைக் காணவில்லை.

குழாயைத் திறந்தால் நீர் வரத்தான் செய்தது. ஆயினும் அந்தத் தாய் கையேந்திக் குடிக்கத் தயங்கினார். விடியற்காலை முதல் மீன் அள்ளிக் கொடுத்த கைகள் அல்லவா! கையைக் கழுவிக்கொள்ளலாம் என்றாலோ, குடிப்பதற்கு மட்டுமே உரிய நீர், கை கால் கழுவக் கூடாது என்று பலகை எச்சரித்தது. அவர் நீரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்து நின்றார். உள்ளே உளூச் செய்துகொண்டிருந்த சிறுவன் ஒருவன் அதைக் கண்டான். ஒரு குவளையில் நீர் மொண்டு வந்து முதலில் அவருடைய கைகளைக் கழுவ ஊற்றினான். பின்னர் குடிக்க ஊற்றினான். மூதாட்டி வயிறாரக் குடித்து, அவனை மனமார வாழ்த்திவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தச் சிறுவனை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! ஆனால் அன்பர்களே, அவன் அங்கே இல்லாதிருந்தால்? நீர் இருந்தது, நீரை வைத்தவரின் நல்லெண்ணமும் இருந்தது, தாகத்தோடு வந்தவரும் இருந்தார். இந்த மூன்றையும் ஒன்று சேர்க்கும் அமைப்புத்தான் அங்கே இல்லை. அன்று அச்சிறுவன் செய்த இரு பணிகளையும், கழுவ ஊற்றுவதையும் குடிக்க ஊற்றுவதையும், எந்நேரமும் எவருக்கும் செய்யக்கூடிய ஒரு குழாயை நம் பள்ளிவாசல்களின் வெளிச்சுவரில் அமைக்க முடியாதா? இதுவே இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி.

மார்க்கம் காட்டும் வழி

உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே உண்டாக்கியதாக அல்லாஹ் தன் திருமறையில் கூறுகின்றான். நீங்கள் அருந்தும் நீரை மேகத்திலிருந்து இறக்கியவர் நீங்களா, நாமா என்றும் வினவுகின்றான். நீர் நம்முடைய சொத்து அன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை உணர்த்த இதைவிட வேறு சான்று தேவையா?

தம் அன்னையார் மறைந்தபின் அவருக்காகச் செய்யத்தக்க தருமங்களுள் சிறந்தது எது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தண்ணீரையே குறிப்பிட்டார்கள். ஸஅத் (ரலி) ஒரு கிணறு வெட்டி, அதனைத் தம் அன்னையாருக்கு உரித்தாக்கினார்கள். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தம் காலணியில் நீர் கொண்டுவந்து புகட்டிய ஒருவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியையும் நாம் அறிவோம். மறுமை நாளில் அல்லாஹ் ஏறிட்டுப் பாராத மனிதர்களுள், தன் தேவைக்கு மிஞ்சிய நீரை வழிப்போக்கனுக்குத் தர மறுத்தவனும் ஒருவன் என்ற எச்சரிக்கையோ நெஞ்சை நடுங்கச் செய்வது. அங்கே வழிப்போக்கன் என்றுதான் சொல்லப்பட்டதே தவிர, அவன் எந்தக் குலத்தான், எந்தச் சமயத்தான் என்று வரையறுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தருமத்தோடு தூய்மையையும் பெருமானார் (ஸல்) இணைத்தே கற்பித்தார்கள். தோல்பையின் வாயில் வாயை வைத்துக் குடிப்பதைத் தடுத்தார்கள். குடிக்கும் பாத்திரத்தினுள் மூச்சு விடுவதையும் தடுத்தார்கள். இன்று மருத்துவர்கள் எச்சில் வழியே பரவும் நோய்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்கும்போது, அந்த அறிவுரைகளின் நுட்பம் நமக்கு மேலும் விளங்குகின்றது. அதே வேளையில், ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்துக்குச் சென்றபோது, இரவில் எடுத்து வைத்த நீர் இருந்தால் தருமாறும், இல்லையேல் நேரே வாயினாலேயே பருகிக்கொள்வோம் என்றும் பெருமானார் (ஸல்) கூறியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியும் உண்டு. பாத்திரம் இல்லாதபோது ஓடும் நீரை நேரே பருகுவதில் தவறில்லை. ஒருவர் எச்சில் மற்றவருக்குச் செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இவற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு.

கிண்டி சொல்லும் பாடம்

மேலே சொன்ன குழாய் ஏதோ புதுமையான கற்பனை என்று எண்ணிவிட வேண்டா. நம் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் இருந்த கிண்டியை நினைத்துப் பாருங்கள். நீர் நிரப்ப அகன்ற வாய். நீர் வார்க்க மெல்லிய மூக்கு. வீட்டுக்கு வந்தவர் கால் கழுவிக்கொள்வதும் அதே கிண்டியில்தான். அண்ணாந்து, உதடு படாமல் நீர் அருந்துவதும் அதே கிண்டியில்தான். தொழுகையாளி உளூச் செய்வதும் அதில்தான். மூக்கு மெலிந்திருந்ததால் நீர் நூலிழையாக வந்தது, வீணாகவில்லை. ஒரே கலம், இரு பணி. திருவிதாங்கூர் மண்ணின் கைவினைஞன் இந்தச் சிக்கலை அன்றே தீர்த்து வைத்திருந்தான். கிண்டியை நாம் பரணில் ஏற்றிவிட்டோம்; அதன் அறிவையும் சேர்த்து ஏற்றிவிட்டோம்.

மேலை நாட்டவரும் இவ்வழியில் சிந்தித்திருக்கின்றனர். இத்தாலியின் ரோம் நகர வீதிகளில் 1870களில் இரும்புவார்ப்புக் குடிநீர்த் தூண்களை நிறுவத் தொடங்கினார்கள். வளைந்த குழாய் மூக்குப்போல் நீண்டிருப்பதால் மக்கள் அவற்றைப் 'பெரிய மூக்கு' என்றே அழைக்கின்றனர். இன்றும் அந்நகரில் சுமார் 2,500 தூண்கள் உள்ளன. மூக்கின் வளைவில் மேற்புறமாக ஒரு சிறு துளை இருக்கும். கீழே விழும் நீரில் கை கழுவலாம், குடம் நிரப்பலாம். கீழ்வாயை விரலால் அடைத்தாலோ, மேல்துளையிலிருந்து நீர் வில்லாக வளைந்து எழும். குனிந்து வாயில் ஏந்திக்கொள்ளலாம். குவளை வேண்டியதில்லை, உதடு எதிலும் படவேண்டியதில்லை.

அமெரிக்காவின் வரலாறும் ஒரு படிப்பினை. அங்கே பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் ஒரே தகரக் குவளையில் எல்லாரும் குடித்து வந்தனர். அக்குவளை நோயைப் பரப்புகிறது என்று உணர்ந்த கான்சாஸ் மாநிலம் 1909ஆம் ஆண்டில் பொதுக்குவளையைத் தடை செய்தது. பெர்க்கிலி நகரில் சுகாதார ஆய்வாளராகவும் குழாய்ப் பணியாளராகவும் இருந்த லூதர் ஹாஸ் என்பவர், பள்ளிச் சிறார்கள் ஒரே குவளையில் குடிப்பதைக் கண்டு மனம் வருந்தி, நீர் பொங்கி எழும் குடிநீர்க் குழாயை உருவாக்கினார். ஆயினும் தொடக்கத்தில் அமைந்த குழாய்களில் நீர் நேர்செங்குத்தாக எழுந்தது. ஒருவர் வாயில் பட்ட நீர் திரும்பத் துளையின் மேலேயே விழுந்தது. குறையைக் கண்டறிந்த பின்னரே நீர் சாய்வாக வளைந்து எழும்படி மாற்றினார்கள். துளைக்கு மேல் ஒரு காப்புத் தகடும் வைத்தார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது, அமைப்பிலும் கவனம் வேண்டும் என்பதற்கு இது சான்று.

நம் பள்ளிவாசலுக்கு ஏற்ற குழாய்

ரோம் நகரத்துக் குழாயை அப்படியே கொண்டுவந்து நட்டுவிட இயலாது. அதில் நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். 2017ஆம் ஆண்டு வறட்சி வந்தபோது அந்நகரமே அவற்றுள் பலவற்றை மூட நேர்ந்தது. வீண்விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை என்று ஓதும் நமக்கு அது பொருந்தாது. மேலும், அழுக்கு விரலால் நீர் வரும் வாயையே அடைப்பது தூய்மைக்கும் ஏற்றதன்று.

அப்படியானால் எப்படி அமைப்பது? குளியலறைகளில் மேலிருந்து தூவும் நீருக்கும் கீழ்க்குழாய்க்கும் மாற்றிவிடும் திருகு ஒன்று உண்டு. குழாய்ப் பணியாளர்கள் அதனை டைவர்ட்டர் என்பர். எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். அதே முறைதான் இதற்கும் வேண்டும். குழாய்க்கு இரண்டு வாய்கள்: கீழ்நோக்கிய வாய் ஒன்று, மேற்புறம், சாய்வாக அமைந்த, காப்புத் தகடு உடைய சிறு துளை ஒன்று. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் கீழே நீர் விழும். மறுபக்கம் தள்ளினால் மேலே வில்லாக எழும். கையை எடுத்தால் சுருள்வில் தானே இழுத்து மூடிவிட வேண்டும். முழங்கையாலும் தள்ளக்கூடியதாகக் கைப்பிடி நீண்டிருந்தால், மீன் விற்கும் தாயும், சுண்ணாம்புக் கையோடு வரும் கொத்தனாரும், ரப்பர் பால் வெட்டி வரும் தொழிலாளியும் தயங்க வேண்டியதில்லை. ஒரு கை இழந்தவரும் பிறர் உதவியின்றிக் குடிப்பார்.

உயரத்தையும் எண்ணுங்கள். பெரியவர் இடுப்பளவில் ஒரு குழாய். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும்படி ஒரு குழாய். அருகே ஒரு கல்திண்ணை. அமர்ந்து, வலக்கையால், மும்முறை மூச்சுவிட்டுக் குடிப்பது நபிவழி. திண்ணை இருந்தால் புட்டியிலோ குவளையிலோ பிடித்து உட்கார்ந்து குடிக்க விரும்புபவருக்கு அது உதவும். குழாய் பள்ளிவாசலின் உள்ளே இருப்பதைவிட, தெருவை நோக்கிய சுவரில் இருப்பதே நலம். உள்ளே வரத் தயங்கும் பெண்களும் பிற சமயத்துச் சகோதரர்களும் யாரிடமும் கேட்காமல் வந்து பருகிச் செல்வர்.

குளிர்நீர்ப் பெட்டி வேண்டா என்று சொல்லவில்லை. ஆனால் மின்சாரத்தையே நம்பி நிற்கும் தருமம் மின்சாரத்தோடு நின்றுவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைச் சூறையாடியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போனதையும், குடிநீருக்கு அலைந்ததையும் நாம் மறந்துவிட்டோமா? மேல்தொட்டியிலிருந்து தன் எடையாலேயே இறங்கி வரும் நீருக்கு, தொட்டியில் இருப்பு உள்ளவரை, எந்த விசையும் தேவையில்லை. அதுபோலவே, குடிக்கும் குழாய்க்குக் குடிநீர்த் தொட்டியிலிருந்தே தனி இணைப்பு வேண்டும். கடலோர ஊர்களில் இது இன்னும் முக்கியம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரைக் கிணறுகளில் உப்புநீர் புகுந்த கதையை குளச்சல் பகுதியின் பெரியவர்களைக் கேட்டால் சொல்வர்.

குழாயடியில் வழியும் நீரையும் வீணாக்க வேண்டா. அடியில் ஒரு சிறு தொட்டி கட்டி, அதிலிருந்து வாய்க்கால் ஒன்றைத் தென்னையின் வேருக்குத் திருப்புங்கள். உளூவில் பயன்பட்ட நீர் மறுமுறை உளூவுக்கு ஆகாது என்றாலும், அது அசுத்தம் அன்று. மரத்துக்குப் பாய்ச்ச எந்தத் தடையும் இல்லை.

குழாய்க்கு முன் நிய்யத்து

இங்கேதான், அன்பர்களே, நாம் பெரிதும் சிந்திக்க வேண்டிய கட்டம் வருகின்றது. அந்தப் பலகை கை கால் கழுவுவதைத் தடுத்தது என்று சொன்னேன். அதைப் படித்தபோது, இத்தனை கஞ்சத்தனமா என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் பலகை எழுதியவர் மார்க்கச் சட்டம் அறிந்தவர். குடிப்பதற்கென்றே தருமமாக விடப்பட்ட நீரைக் கொண்டு உளூச் செய்வது ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறும் தீர்ப்பு. கொடுத்தவர் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தாரோ அதற்கே அது பயன்பட வேண்டும் என்பது வக்பின் அடிப்படை.

ஆகவே பித்தளையில் இரண்டு வாய் வைப்பதற்கு முன், நம் நிய்யத்தில் இரண்டு வாய் வைக்க வேண்டும். இந்த நீர் குடிப்பதற்கும், கழுவுவதற்கும், பாத்திரத்தில் எடுத்துச் செல்வதற்கும், முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்ற வேறுபாடின்றி இவ்வழியே செல்லும் அனைவருக்கும் உரியது என்று, கொடுக்கும் நாளிலேயே தெளிவாகச் சொல்லி, ஜமாஅத்தின் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள தருமங்களை மாற்ற எண்ணுவோர் தாமே முடிவெடுக்காமல் தம் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவார்களாக. ஒரு வரி எழுத மறந்ததால், நீர் இருந்தும் ஒரு மூதாட்டி தயங்கி நிற்க நேர்ந்தது. சட்டத்தில் குறையில்லை; நாம் கேட்காமல் கொடுத்ததில்தான் குறை.

இந்த அனைவருக்கும் என்ற சொல்லுக்கு நம் நாஞ்சில் மண்ணில் தனிப் பொருள் உண்டு. பிறப்பைக் கொண்டு கிணற்றையும் குளத்தையும் மறுத்த காலம் இங்கே இருந்தது. தொட்டால் தீட்டு என்று எட்டி நின்று கையில் ஊற்றிய காலம் இருந்தது. அக்காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுக்கும் முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தியதை இவ்வூர் மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். 1851இல் மறைந்த அப்பெரியார் செய்தது எவ்வளவு துணிவான செயல்! தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று அறிவித்த நபியின் உம்மத்தினர் நாம். குழாய் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. ஊற்றுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கூச்சமும் அங்கே இல்லை. அத்தகைய குழாயைத் தெருவோரம் அமைப்பதில் நாமல்லவா முந்தி நிற்க வேண்டும்?

வரலாற்றையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மதீனாவில் ரூமா என்னும் கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. அதை வாங்கித் தம் வாளியையும் மற்ற முஸ்லிம்களின் வாளிகளையும் சமமாக்குபவர் யார் என்று பெருமானார் (ஸல்) கேட்டபோது, உதுமான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தைக் கொண்டு அதை வாங்கி எல்லாருக்கும் உரித்தாக்கினார்கள். வாங்கியவரின் வாளிக்குத் தனிச்சிறப்பு இல்லை என்பதே அங்கு வைக்கப்பட்ட நிபந்தனை. நம் பளிங்குப் பலகைகள் அந்த நிபந்தனைக்கு முன் தலைகுனிய வேண்டாவா?

உளூவும் ஒரு வாளியும்

குடிநீரைப் பற்றிப் பேசும்போது உளூவின் நீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஏனெனில் வெளியே தாகத்துக்கு இல்லாத நீர், உள்ளே குழாயடியில் ஓடிக்கொண்டிருக்கின்றது.

ஹவுளில் உளூச் செய்த நம் முன்னோர் கையால் அள்ளினார்கள். கைதான் அளவு. அள்ளியதே செலவு. 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேய அறிஞர், அங்குள்ள பள்ளிவாசல்களில் ஷாஃபிஈகள் தொட்டியில் உளூச் செய்ததையும், ஓடும் நீரை நாடிய ஹனஃபிகளுக்கெனத் திருகுகுழாய் வைத்த நீர்த்தேக்கம் இருந்ததையும், அதற்கு ஹனஃபிய்யா என்று பெயர் வழங்கியதையும் எழுதி வைத்துள்ளார். எகிப்தில் இன்றும் குழாய்க்கு அதே பெயர்தான். குழாய்க்கே ஒரு மத்ஹபின் பெயர் என்றால், அது நம் வணக்கத்தோடு எவ்வளவு நெருங்கிய பொருள்!

ஆனால் குழாய் வந்தபின் கை அளவாக இல்லை. குழாயைத் திறந்து மூடும் வரையிலான நேரமே அளவாகிவிட்டது. பெருமானார் (ஸல்) ஒரு முத்து நீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. ஷாஃபிஈ கணக்கில் அது ஒரு லிட்டர்கூட இல்லை. அடுத்த வேளைத் தொழுகைக்கு உளூச் செய்யும்போது குழாயடியில் ஒரு வாளியை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். நான் அளந்தேன்; வெட்கப்பட்டேன். வாளி நிரம்பியபோது நான் இன்னும் கால்களுக்கு வந்திருக்கவில்லை.

மேலே சொன்ன குழாயை உளூச் செய்யும் இடத்திலும் வைத்துவிட்டால், கை எடுத்தவுடன் மூடிக்கொள்ளும் சுருள்வில் நம் மறதியைத் திருத்தும். வாய் கொப்புளிக்கவும் மூக்குக்கு நீர் செலுத்தவும் மெல்லிய மேல்நீர் போதும். கைகளுக்கும் கால்களுக்கும் மட்டும் கீழ்வாய். உள்ளே மிஞ்சும் நீர் வெளியே தாகம் தீர்க்கும். தன் தேவைக்கு மிஞ்சியதை மறுத்தவன் என்ற எச்சரிக்கை, மிஞ்சியதை வீணாக்கியவனையும் எண்ணிப் பார்க்கச் செய்யாதா?

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது. 1966இல் மாத்தூர்த் தொட்டிப்பாலம் பறளியாற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு நீரைக் கொண்டு சென்றது. ஆட்சியாளர்களும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் மலையைத் தாண்டி நீர் கொண்டுவந்தார்கள். தெருவிலிருந்து சுவர்வரை அதைக் கொண்டுவருவது மட்டுமே நம் பங்கு. அதையுமா செய்யாமல் விடுவது?

நிலைத்த தருமம் எது?

இறுதியாக ஒன்று. ஸதகத்துல் ஜாரியா என்றால் ஓடிக்கொண்டே இருக்கும் தருமம் என்று பொருள். கொடுத்த நாளில் திறப்பு விழா, புகைப்படம், பலகை. ஆறாம் மாதத்தில் ஒழுகும் குழாய். ஓராண்டில் துருப்பிடித்த பெட்டி. இதில் எது ஓடிக்கொண்டிருக்கின்றது? குழாய் கெடுவது பெரும்பாலும் ஒரு சிறு ரப்பர் வாஷராலேதான். அதை மாற்றச் சில ரூபாய் போதும். ஆனால் அந்தச் சில ரூபாய் யாருடைய கணக்கு, மாற்ற வேண்டியவர் யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

கெய்ரோ நகரின் வீதிகளில் செல்வர்கள் தண்ணீர் மாடங்கள் கட்டினார்கள். கீழே வழிப்போக்கருக்குக் குடிநீர், மேலே ஏழைக் குழந்தைகளுக்குக் குர்ஆன் பள்ளி. 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா என்பவர் கட்டிய மாடம் இன்றும் நிற்கின்றது. அத்தகைய தருமங்களின் வக்பு ஆவணங்களில், நீர் வழங்கும் பணியாளருக்குரிய ஊதியம் முதல் கயிறு, வாளி, குவளை வரை எல்லாவற்றுக்கும் வருவாய் ஒதுக்கப்பட்டது. மக்காவுக்கு நீர் கொண்டுவந்த ஜுபைதா அம்மையாரின் கால்வாயும் அப்படியே. கட்டியவர் ஒருவர், நூற்றாண்டுகள்தோறும் பழுது பார்த்தவர்கள் பலர். பதினாறாம் நூற்றாண்டில் உதுமானியச் சுல்தான் சுலைமானின் மகளார் மிஹ்ரிமா அம்மையார் தம் செல்வத்தை அதன் பழுதுக்கு வழங்கினார்கள். ஜுபைதாவின் பெயர்தான் கால்வாய்க்கு. ஆனால் மிஹ்ரிமா இல்லையேல் நீர் ஏது?

ஆகவே குழாய் வழங்க எண்ணும் செல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயோடு ஒரு தென்னையையும் சேர்த்து வக்பு செய்யுங்கள். அதன் தேங்காய் விற்ற பணம் வாஷருக்கும், தொட்டி கழுவுவதற்கும், பார்த்துக்கொள்பவரின் தேநீருக்கும் ஆகட்டும். குழாயடியில் வழியும் நீரே அந்தத் தென்னையை வளர்க்கும். தென்னை குழாயைக் காக்க, குழாய் தென்னையைக் காக்கும். பளிங்குப் பலகை கட்டாயம் வேண்டும் என்றால், அதில் உங்கள் பெயருக்குப் பதிலாகத் தொட்டி கழுவிய தேதியை எழுதி வையுங்கள். வழிப்போக்கருக்கு வேண்டியது அதுதான். உங்கள் பெயரை அறிய வேண்டியவன் ஏற்கெனவே அறிவான்.

பெரும் செல்வம் இல்லாதவர்கள் வருந்த வேண்டா. ஜுபைதாவாக முடியாதவர் மிஹ்ரிமாவாகலாம்; மிஹ்ரிமாவாகவும் முடியாதவர் அந்தச் சிறுவனாகலாம். தக்கலையில் பீர்முகம்மது அப்பா அவர்களின் நினைவு நாளில் திரளும் மக்களுக்கும், தேங்காய்ப்பட்டணத்துப் பழம்பெரும் பள்ளிவாசலைக் காண வருவோர்க்கும், இடலாக்குடி, கோட்டாறு, திருவிதாங்கோடு என நம் ஊர்கள்தோறும் தெருவில் நடப்போர்க்கும் தாகம் ஒன்றுதான்.

சகோதரர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, உங்கள் பள்ளிவாசலின் சுவரோரம் சற்று நில்லுங்கள். குழாய் ஒழுகுகின்றதா? குவளை இருக்கின்றதா? ஒரு குழந்தைக்கு எட்டுமா? கை அழுக்கான ஒருவர் தயங்காமல் குடிக்க முடியுமா? இந்த நான்கு கேள்விகளோடு முத்தவல்லியிடம் சென்று பேசுங்கள். தாய்மார்களே! பள்ளியிலிருந்து திரும்பும் உங்கள் மகன் வழியில் எங்கே தண்ணீர் குடித்தான் என்று கேளுங்கள்; பதில் உங்கள் ஊரின் தருமத்தை அளந்து சொல்லும்.

பூமியின் நீர் ஆழத்துக்குள் சென்று மறைந்துவிட்டால் உங்களுக்கு ஊற்றுநீரைக் கொண்டுவருபவர் யார் என்ற திருமறையின் வினாவுக்கு நம்மிடம் பதில் இல்லை. மறையாமல் இருக்கும் நீரை அவனுடைய அடியார் எல்லாருக்கும் எட்டச் செய்தோம் என்றாவது சொல்லும் பேற்றினை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.